கொல்லும் பூச்சும் பற்றவிடாத பூச்சும்

கடல்நீரில் மூழ்கும் பொருள் கல்லாயினும் மரமாயினும் உலோகமாயினும் நெடுநேரம் வெறுமையாக இருப்பதில்லை. நீரில் கரைந்துள்ள புரதம், சர்க்கரை முதலிய கரிமக் கூறுகள் சில நிமிடங்களிலேயே அதன்மேல் மெல்லியதாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் தம்மைப் புதைத்துக்கொண்டு பெருகுகின்றன. பசையும் பாக்டீரியாவும் சேர்ந்த இந்தக் குடியிருப்பை அறிவியலார் உயிர்ப்படலம் என்பர். அதன்மேல் ஒருசெல் பாசிகள் ஏறுகின்றன. நாட்கள் வாரங்களாகும்போது சிப்பி, குழாய்ப்புழு, பார்னக்கிள் எனப்படும் சுண்ணாம்போட்டு உயிரி ஆகியவற்றின் இளம்பருவங்கள் நீரோட்டத்தில் மிதந்து வந்து, படலம் படிந்த இடமாகப் பார்த்து அமர்கின்றன. இந்த வரிசையின் முதற்படியிலேயே கைவைத்து, பாக்டீரியா ஒட்டாதபடி பரப்புகளைப் பதப்படுத்தும் தொழில்நுட்பம், செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வாளர்கள் இதனை வெப்பம் கடத்துவதன் சிக்கலாகவும் உலோக அரிப்பின் சிக்கலாகவும் பார்ப்பது இயல்பே. எனினும் தமிழகச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி ஒன்று இதற்குள் அடங்கியிருக்கிறது: குடியேறிய உயிரைக் கொல்வதும், குடியேற இடங்கொடாதிருப்பதும் அறநோக்கில் ஒன்றுதானா?

கேள்வியின் கனத்தை உணர, கல்பாக்கத்தில் நடப்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். 1983 இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தில், டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்குவது கண்டென்சர் என்னும் கருவி. அதன் ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கடல்நீர்தான் நீராவியின் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. இதற்கென இரண்டு அலகுகளுக்குமாக வினாடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் கடல்நீர், கடலடித் தரைக்கும் கீழே குடையப்பட்ட, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 3.8 மீட்டர் விட்டமும் கொண்ட சுரங்கவழியாக உள்ளே இழுக்கப்படும்படி நிலையம் அமைந்துள்ளது. ஒட்டி வாழும் உயிரிக்கு இதைவிடச் சிறந்த வீடு கடலில் கிடைப்பது அரிது. உணவு நீரோடு தானே வந்து சேர்கிறது, வேட்டையாடும் மீன்களும் நண்டுகளும் குறைவு, அலையும் வெயிலும் இல்லை. ஆகவே பச்சைச் சிப்பிகள் சுரங்கச் சுவரில் அடுக்கடுக்காக வளர்ந்து, நீர்வழியைக் குறுக்கி, உதிரும்போது குழாய் வாய்களையும் அடைத்தன. கண்டென்சர் குழாயின் உட்புறத்திலோ சிப்பி வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிர்ப்படலமே வெப்பத்தைத் தடுக்கவும், அடியில் உள்ள உலோகத்தை அரிக்கவும் போதுமானது.

இதற்கு நடைமுறையில் உள்ள மருந்து குளோரின். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவை ஒட்டிய மிச்சக் குளோரின் நீரில் எப்போதும் இருக்கும்படி செலுத்துவதும், இடையிடையே அளவைக் கூட்டுவதும் கல்பாக்கத்தின் முறை. இடைவிடாது செலுத்த வேண்டியிருப்பதன் காரணம் கவனத்துக்குரியது. குளோரின் கலந்த நீர் பட்டவுடன் சிப்பி தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு, உண்ணாமல் பல நாட்கள் தாங்கும்; நஞ்சு நின்றதும் திறந்துகொண்டு பழையபடி வாழும். எனவே திறக்கவே முடியாத நிலையை உண்டாக்கித்தான் அதை ஒழிக்க இயலும். நீரில் வந்துள்ள கேட்டை உணர்ந்து, அதனின்று தன்னைக் காத்துக்கொள்ள முயலும் உயிரை எதிர்த்தே இங்குப் பொறியியல் இயங்குகிறது என்பதை மறைக்க வழியில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், நந்து, முரள் என்பனவற்றை ஈரறிவுயிராகவும் கொள்கிறது. சங்கு, நத்தை, இப்பி, கிளிஞ்சல் ஆகியவற்றை உரையாசிரியர்கள் இவ்வகுப்பில் சேர்ப்பர். அவ்வகையில் கல்பாக்கத்துச் சுரங்கச் சிப்பி தமிழ் மரபு முறையாகப் பெயர்பதித்து வைத்திருக்கும் உயிர். பார்னக்கிளின் நிலை இன்னும் வியப்பானது. ஓட்டைப் பார்த்து அதைச் சிப்பி இனம் என்று எண்ணுவோர் பலர்; உண்மையில் அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, இளமையில் நீந்தித் திரிந்து, பின் தலைப்புறத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் இரையைத் துழாவி உண்பது. நண்டை நான்கறிவுயிராகக் கொண்ட மரபியலார் இதனை அறிந்திருந்தால் எந்த வகுப்பில் வைத்திருப்பர் என்பது சுவையான வினா.

ஓட்டுயிர் இந்த வட்டாரத்தில் வெறும் தொல்லையாக மட்டும் எண்ணப்பட்டதும் இல்லை. கல்பாக்கத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்தில், சங்கு தீர்த்தம் எனப்படும் குளத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதாக நம்பிக்கை. தோன்றிய சங்கைக் காணத் திரளும் கூட்டம் சிறிதன்று. ஒரே வகுப்பைச் சேர்ந்த உயிர் குளத்தில் தோன்றினால் திருவிழாவும், குழாயில் தோன்றினால் குளோரினும் பெறுகிறது. இதனை மக்களின் முரண்பாடு என்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் உயிரின் மதிப்பு அது அமரும் இடத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் இருப்பதே. அந்த எண்ணத்தை முழுமையாக மறுத்து, இடம் எதுவாயினும் உயிர் உயிரே என்று வாதிட்டவர்கள் சமணர்கள். ஆதலின் இந்த வினாவை அவர்களுடைய கருவிகளைக்கொண்டு ஆராய்வதே தகும்.

சமணம் இப்பகுதிக்கு அயலானதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றம் இன்றும் ஜினகாஞ்சி என்றே வழங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு தருகிறது. வடதமிழகத்தில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர் நீரை வடிகட்டிக் குடிப்பதையும் இரவுணவைத் தவிர்ப்பதையும் அறமாகக் கொண்டவர்கள். இரண்டு வழக்கங்களுக்கும் காரணம் ஒன்றே: கண்ணுக்குப் புலப்படாத உயிருக்கும் ஊறு நேரக்கூடாது.

அந்தக் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களைப் பற்றிச் சமண நூல்கள் வைத்திருக்கும் கோட்பாட்டின் பெயர் நிகோதம். நிகோத உயிர் ஓரறிவுடையது. எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பொதுவாகக் கொண்டு, ஒன்றாகவே மூச்சுவிட்டு, ஒன்றாகவே உண்டு, ஒரு மூச்சுக் காலத்துக்குள் 18 முறை பிறந்து இறப்பதாகச் சமணச் சான்றோர் கணக்கிட்டனர். தமிழ்ச் சமணர் திகம்பரர். ஆயினும் சுவேதாம்பரரின் கல்பசூத்திரமும் இங்கு நினைக்கத்தக்கது. மழைக்காலத்தில் துறவி கூர்ந்து பார்க்க வேண்டிய எட்டு வகை நுண்பொருள்களை அது வரிசைப்படுத்தும்போது, பனகம் எனப்படும் பூஞ்சைப் படிவையும் சேர்த்து, தான் படிந்த பொருளின் நிறத்தையே கொண்டு, அப்பொருளினின்று பிரித்தறிய முடியாத நுண்படிவும் உண்டு என்று எச்சரிக்கிறது. பசைக்குள் கூடி வாழ்ந்து, உணவையும் கழிவையும் பகிர்ந்து, உலோகத்தின் நிறத்திலேயே மறைந்து கிடக்கும் உயிர்ப்படலத்தை அறிந்தவருக்கு இவ்வரிகள் வியப்பூட்டாமல் இரா. ஆனால் இதைக்கொண்டு சமணர் பாக்டீரியாவைக் கண்டறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது சமணத்துக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழுக்கு. பாக்டீரியாவைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக். பல்லில் படிந்த மாவு போன்ற படிவில் நுண்ணுயிர்கள் நெளிவதை அவர் 1683 இல் விவரித்தார். சமணர் செய்தது வேறு வகைப் பணி: உயிர் எங்கும் இருக்கக்கூடும் என்று முதலில் கொண்டு, அவ்வாறாயின் மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்பதை அணுவணுவாக வகுத்தார்கள்.

அந்த வகுப்பில் இன்றைய வினாவுக்கு நேராகப் பயன்படுவது இம்சையின் நான்கு பிரிவு. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு கொல்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல், கட்டுதல் முதலிய இல்லற வேலைகளில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு போன்ற தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையோ பிறரையோ தாக்குவோரை எதிர்க்கையில் நேர்வது விரோத இம்சை. துறவிக்கு நான்கும் விலக்கு. இல்லறத்தானுக்கோ முதலாவது மட்டுமே முற்றாக விலக்கப்பட்டது. மற்றவற்றை அவன் இயன்றவரை குறைக்கக் கடமைப்பட்டவன். குளோரின் இவற்றுள் எதில் அடங்கும்? மின்னாக்கம் தொழில் என்பதால் உத்தியோக இம்சை என்று சொல்லி ஒதுங்க ஒருவர் முயலலாம். ஆனால் ஏர் முனையில் மண்புழு சிக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உழவனுக்கு மண்புழு சாவதால் ஆவது எதுவுமில்லை, சாகாமலிருந்தால் அவனுக்கு நன்மையே. குளோரின் செலுத்துவோருக்கோ சிப்பியும் பாக்டீரியாவும் சாவதே வழி. சாகவில்லையானால் செலுத்தியது வீண். சாவு பக்கவிளைவாக நேராமல் கருவியாகவே நாடப்படுவதால், தொழிலுக்குள் நடப்பினும் இது சங்கற்ப இம்சையின் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

பற்றவிடாத பூச்சு வேறுபடுவது இவ்விடத்தில்தான். சிலிக்கோன் போன்ற, மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைந்த நெகிழ்பொருளைப் பூசினால், வந்தமரும் உயிரியின் பசை அதை இறுகப் பிடிக்க இயலாமல், ஓடும் நீரின் விசையிலேயே விலகிச் செல்கிறது. உயிரி சாக வேண்டிய தேவை பூச்சுக்கு இல்லை. அது உயிரோடு வேறிடம் சென்றாலும் பூச்சின் நோக்கம் முழுமையாக நிறைவேறும். ஆகவே இதில் சாவு நோக்கமும் அன்று, கருவியும் அன்று. சமணத் துறவுநெறி இதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஈரமும் எச்சிலும் தேங்கினால் அங்கு நுண்ணுயிர் தோன்றும், தோன்றிய பின் எதைச் செய்தாலும் கொலையாகும், எனவே தோன்றாதபடி உலர வைப்பதே நெறி என்பது அதன் முறை. தன்னை அறியாமலே இந்நெறியைக் கைக்கொண்டவர்கள் இக்கடற்கரையின் மீனவர்கள். தொழில் முடிந்ததும் கட்டுமரத்தைக் கரையேற்றி உலர வைக்கும் வழக்கத்தால், அதன் அடியில் பெரிய குடியிருப்பு உருவாக வாய்ப்பே இருந்ததில்லை.

ஆனால் சமணத்திலேயே இதற்கு எதிரான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு, அதை விழுங்கிவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. துறவியர் அருந்துவது காய்ச்சிய நீர். நீரைக் காய்ச்சினால் அதிலுள்ள உயிர்கள் மடியும் என்பது சமணருக்குத் தெரியாததன்று. காய்ச்சாத நீரில் உயிர்கள் மேன்மேலும் தோன்றி மடிந்தவண்ணம் இருக்கும், ஒருமுறை காய்ச்சினால் குறித்த நாழிகை வரை புதியவை தோன்றா என்பது அவர்கள் கூறும் விடை. அதாவது ஒருமுறை நேரும் சிறு கொலை, தொடர்ந்து நேரும் பெருங்கொலையைத் தடுக்கிறது. குளோரினுக்காக வாதிடுவோர் இந்த விடையைத் தமக்கு ஆதரவாகக் காட்டலாம்: தொடக்கத்திலேயே சில பாக்டீரியாக்களையும் இளஞ்சிப்பிகளையும் ஒழித்தால், பின்னர் டன் கணக்கில் வளர்ந்த சிப்பிகளைச் சுரண்டி எறியும் கொலை நேராது. வாதம் வலுவற்றதன்று. எனினும் காய்ச்சிய நீரில் இறப்பு பாத்திரத்தோடு முடிகிறது. கடலில் விடப்படும் நஞ்சு எதோடு முடிகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

அதற்குப் பெருஞ்சான்று டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மத்தின் வரலாறு. 1761 இல் அலார்ம் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்திய காலம் முதல், கப்பலடியைக் காக்கும் கலை பெரும்பாலும் நஞ்சைக் கசியவிடும் கலையாகவே வளர்ந்தது. அதன் உச்சமே இந்தச் சேர்மம். கப்பலில் ஒட்டும் உயிர்களை அது ஒழித்தது உண்மை. பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் 1970களின் இறுதியில் சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்து, இனப்பெருக்கம் குலைந்து, பண்ணையாளர் பிழைப்பு சரிந்தபோதுதான் நஞ்சு கப்பலோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. லிட்டருக்கு சில நானோகிராம் அளவிலேயே பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைப்பதும் பின்னர் உறுதியாயிற்று. பிரான்சு 1982 இல் கட்டுப்பாடு விதித்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001 இல் உருவாகி 2008 இல் நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் நேர்ந்த உயிர்க்கேட்டுக்குச் சங்கற்பம் எவருக்கும் இருக்கவில்லை. ஆனால் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது அசட்டையால் நேரும் உயிர்க்கேட்டையே முன்னிறுத்துகிறது; எண்ணிக் கொல்லவில்லை என்ற சொல் அதன்முன் செல்லாது.

கல்பாக்கத்தின் மற்றோர் ஆய்வு வேறொரு தத்துவச் சிக்கலைத் திறக்கிறது. கடல்நீரின் அரிப்பைத் தாங்குவதில் டைட்டானியத்துக்கு ஈடில்லை. அதனால் கண்டென்சர் குழாய்களுக்கு அது விரும்பப்படுகிறது. ஆனால் உயிருக்குச் சற்றும் தீங்கு செய்யாத உலோகம் என்பதால்தான் எலும்பு முறிவுக்கும் பல்லுக்கும் அது பொருத்தப்படுகிறது, அதே காரணத்தால் பாக்டீரியாவும் அதன்மேல் இனிதே வாழ்கிறது. இதற்கு மாற்றாக, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் டைட்டானியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் ஆக்சைடாக்கி, ஒளி பட்டால் வினைமிகு ஆக்சிஜன் வகைகள் தோன்றி பாக்டீரியாவைத் தடுக்கும்படி செய்து பார்த்தனர். மெல்லிய செப்புப் படலங்களையும், நீரை ஒட்டவிடாத பரப்புகளையும் ஆராய்ந்தனர். இவற்றுள் முதலிரண்டும் கொல்லும் வழி, மூன்றாவது விலக்கும் வழி. எவ்வுயிர்க்கும் தீங்கிழைக்காத பொருளே எல்லா உயிராலும் மூடப்படுவது, தீமையின்மை ஒன்றே தூய்மைக்குப் போதும் என்று நம்புவோரைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதில் சமணமும் சைவமும் பிரிந்ததை இங்கு நினைவுகூரலாம். சமணத்தில் வினை என்பது நுண்ணிய பருப்பொருள்; அது உயிரை நோக்கி வருவது ஊற்று, ஒட்டுவது கட்டு, வரவை நிறுத்துவது செறிப்பு, ஒட்டியதை உதறுவது உதிர்ப்பு. விருப்பு வெறுப்பு என்னும் பசை உள்ள உயிரில் வினை எண்ணெய் பூசிய உடலில் தூசி போல் ஒட்டும், பசையற்ற உயிரில் உலர்ந்த சுவரில் பட்ட தூசி போல் உதிரும் என்பர். ஒட்டுதலைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த சமயம் வேறில்லை. நஞ்சில்லாப் பூச்சுகளை உருவாக்குவோர் செறிப்பையும் உதிர்ப்பையும் தத்தம் ஆய்வுக்கூடங்களில் தனித்தனியே முயல்கின்றனர் என்றே சொல்லிவிடலாம். சைவ சித்தாந்தம் இதனை ஒப்பவில்லை. அது அழுக்கு எனக் கூறும் ஆணவ மலம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பில் களிம்பு போல் உயிரோடு தொன்றுதொட்டே உடனிருப்பது. அதனை உயிர் தன் முயற்சியால் மட்டும் நீக்கிக்கொள்ள இயலாது, அருள் வேண்டும் என்பது சைவத்தின் முடிவு. சமணராயிருந்து சைவரானதாகப் பெரியபுராண மரபு கூறும் பல்லவ மன்னன் ஆண்ட நாட்டில், இவ்விரு கருத்துகளும் நேருக்கு நேர் மோதியவை.

கடலில் மூழ்கிய பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், இருவருக்கும் பாதிப் பங்கு கிடைக்கிறது. அழுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. அந்த அளவில் சமணர் கூற்றே பொருந்தும். ஆனால் எந்தப் பரப்பாலும் முதற்படிவைத் தவிர்க்க முடிவதில்லை, மூழ்கிய கணமே அது தொடங்கிவிடுகிறது. வெறுமை என்ற நிலை பொருளுக்கு இயல்பில் இல்லை என்னும் அளவில் சைவத்தின் எச்சரிக்கை பொருந்தும். செம்பின் கதையோ இருவரையும் திகைக்க வைப்பது. செம்பு உயிர்களை அண்டவிடாததற்குக் காரணம் அது கரைந்துகொண்டே இருப்பது. கரைந்து வெளிப்படும் செப்பு அயனிகளே நஞ்சு. தன்னைத் தேய்த்துக்கொள்வதை நிறுத்திய செம்பின்மேல் உயிர்கள் குடியேறத் தொடங்கும்.

தூய்மைக்கு இந்திய மரபு முழுதும் எடுத்தாளும் தாமரை இலை இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயற்கை. நீரில் இருந்தும் நனையாத அதன் இயல்பைச் சமயங்கள் பற்றின்மைக்குச் சான்றாக்கின; ஜெர்மன் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹூயிசும் 1997 இல் அதன் காரணத்தை விளக்கிய கட்டுரையின் தலைப்பிலேயே தாமரையின் புனிதத்தைக் குறிப்பிட்டனர். இலைப்பரப்பின் நுண்மேடுகளும் அவற்றின்மேல் படர்ந்த மெழுகும் சேர்ந்து நீர்த்துளியை உருளச் செய்ய, துளி தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. மனிதன் இதைப் பார்த்துச் செய்த பூச்சுகள் காற்றில் நன்கு வேலை செய்கின்றன. கடலுக்குள் மூழ்கியதும், நுண்மேடுகளுக்கிடையே சிக்கியிருக்கும் காற்று காலப்போக்கில் நீரில் கரைந்து மறைய, பரப்பு நனைந்துவிடுகிறது. இலையின் மெழுகு தேய்ந்தால் உயிருள்ள இலை அதை மீண்டும் சுரக்கும். பூச்சுக்கு அவ்வாற்றல் இல்லை, மனிதன்தான் மீண்டும் மீண்டும் பூச வேண்டும். பற்றின்மை ஒருநாளில் பெற்று முடித்துவைக்கும் பேறன்று என்று சமய ஆசிரியர்கள் சொன்னதைப் பொறியாளர் பராமரிப்புச் செலவுக் கணக்கில் காண்கிறார்.

மாமல்லபுரக் கடற்கரைக் கோயில் பூச்சுக்கு இன்னொரு நிபந்தனையைக் கற்றுத்தருகிறது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த அக்கோயிலின் கல்லுக்குள் கடற்காற்றின் உப்பு ஊடுருவி, படிகமாகி, சிற்பத்தின் முகத்தை உதிர்க்கிறது. தொல்லியல் துறையினர் நனைந்த காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்து, அதன் பின்னரே நீரை விலக்கும் பூச்சிடுகின்றனர். உள்ளே உப்பிருக்க வெளியை இறுக அடைத்தால், அடைப்புக்குப் பின்னே படிகம் வளர்ந்து கல் தகடு தகடாகப் பெயரும். ஆகவே கல்லுக்கிடும் பூச்சு வெளியிலிருந்து வருவதை மறுக்கும்போதே உள்ளிருந்து செல்வதற்கு வழிவிட வேண்டும்.

பற்றவிடாத பூச்சுக்கு எதிராகச் சமணம் எழுப்பக்கூடிய கடுமையான வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. சிப்பியின் இளம்பருவம் அமர இடம் தேடி அலைவது சில வாரங்களே. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் மடியும். இடங்கொடாதவன் கொல்லவில்லை என்று கைகழுவலாமா? கொன்றவன் வேறு, வாங்கி உண்பவன் வேறு என்ற பௌத்த வாதத்தைச் சமணக் காப்பியமான நீலகேசி எதிர்த்ததன் அடிப்படையே, செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் ஆகிய மூன்றும் மனம், சொல், உடல் ஆகிய மூன்றின் வழியாகவும் வினையாகும் என்பது. அக்கணக்கில் பூச்சிட்டவரும், பூச்சிடச் சொன்னவரும், அதனால் வந்த மின்சாரத்தைச் சென்னையில் இருந்து நுகர்பவரும் உடன்பட்டவர்களே. ஆயினும் அளவில் வேறுபாடு உண்டு. கடலில் இளஞ்சிப்பிகளில் மிகப் பெரும்பாலானவை எவர் தலையீடும் இன்றியே அமருமுன் மடிகின்றன. சுரங்கச் சுவர் மனிதன் கட்டிய பின்னரே உண்டான இடம், அதை மறுப்பதால் கடலில் முன்பிருந்த இடம் எதுவும் குறைவதில்லை. வழிப்போக்கன் உறங்கும் மரநிழலை வெட்டுவதும், தன் வீட்டுத் திண்ணையை அடைத்துவைப்பதும் ஒரே குற்றமாகா.

மருத்துவமனையில் கணக்கு மாறும். நோயாளியின் உடலில் செருகும் குழாயில் படரும் பாக்டீரியா அவர் உயிருக்கே உலை வைப்பதால், அதனைக் கொல்வது விரோத இம்சையின் பாற்படும். இல்லறத்தானுக்குச் சமணம் அதை முற்றாக விலக்கவில்லை. அங்கும் கொல்லும் பூச்சுக்கு ஒரு விலை உண்டு. செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களைத் தாங்கும் மரபணுக்களும் மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களும் பல பாக்டீரியாக்களில் ஒரே டி.என்.ஏ. துண்டில் அமைந்து சேர்ந்தே பரவுகின்றன. நஞ்சுக்குத் தப்பியவை மருந்துக்கும் தப்பும். கொல்லாமல் விலக்கும் பரப்பு இத்தகைய தேர்வை உண்டாக்குவது குறைவு. இங்கு அறம் பரிந்துரைப்பதும் மருத்துவம் பரிந்துரைப்பதும் ஒன்றாக இருப்பது நற்பேறு. எப்போதும் அவ்வாறு அமையும் என்று எவரும் உறுதி தர இயலாது.

ஆகவே கொல்லும் பூச்சும் பற்றவிடாத பூச்சும் அறத்தில் ஒன்றல்ல. இரண்டுக்கும் வாய்ப்புள்ள இடத்தில் முன்னதைத் தேர்வது, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவாயின், சமணர் சொல்லும் அசட்டையே. அதேவேளை பற்றவிடாத பூச்சுக்கு அகிம்சைப் பூச்சு என்று விளம்பரப் பெயர் சூட்டுவதும் மிகை. சமண இல்லறத்தானின் ஐந்து அணுவிரதங்களில் கொல்லாமை முதலாவது. ஐந்தாவது, தனக்கு வேண்டிய பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்வது. வினாடிக்கு 35 கன மீட்டர் கடல்நீரைக் கேட்கும் நுகர்வுக்கு வரம்பு கட்டும் பேச்சே எழாத நிலையில், குழாயின் உட்பூச்சை மட்டும் மாற்றுவது முதல் விரதத்தின் ஒரு சிறு பகுதியை நிறைவேற்றுவதாகும். அப்பகுதியும் ஓடும் நீரில்தான் நிறைவேறும்: சிலிக்கோன் பூச்சு நீரோட்டத்தின் விசையை நம்பியே உயிரியை விலக்குகிறது, நீர் தேங்கி நிற்கும் குழாயில் அதனால் பெரும்பயன் இல்லை.